யாருடைய ஜி.பி.எஸ்.?

மேடம் டம்ளர் தண்ணீரில் விரலை முக்கி, மேஜைமேல் இருந்த ஜி.பி.எஸ். பெட்டியின் திரையில் தெளிக்க ஆரம்பித்ததும் பஞ்சர் பதறிப்போய் எழுந்தான்.

"மேடம், அது சாட்சிப் பொருள். ரோஜாச் செடி இல்ல."

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திற."

திறந்தான். விளிம்பில் விரிசல் விட்ட அந்தத் திரையில், யாரும் தொடாமலே எழுத்துகள் விழுந்தன. ஒரு ஜே. இன்னொரு ஜே. ஒரு சொட்டு வழிந்து இறங்க, இறங்கிய தடம் நெடுக எக்ஸ், எக்ஸ், எக்ஸ். கடைசிச் சொட்டு 'தேடு' என்ற பொத்தானின்மேல் போய் உட்கார்ந்தது. பெட்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு எங்கோ இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மரக்கிடங்குக்கு வழி போட்டு, 'நேராகச் செல்லவும்' என்றது.

"நேராப் போனா சுவர்ல முட்டுவோம்," என்றான் பஞ்சர். சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு தனக்கே பிடிக்காமல் உட்கார்ந்தான்.

காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தப் பெட்டி சொன்ன வழியில் ஒருவன் நேராகப் போனான். லிஃப்ட் மெக்கானிக், முப்பத்தொரு வயது. மலைமேல் மழையில், கல்குவாரிக்குப் போகும் கைவிடப்பட்ட பாதையில், பாதி இடிந்த பாலத்திலிருந்து பைக்கோடு கீழே விழுந்தான். காலையில்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். கைப்பிடியில் கட்டியிருந்த பெட்டியின் தேடல் கட்டத்தில் எட்டு எழுத்துகள் இருந்தன. கே, கே, பி, யூ, டி, டி, டி, என்.

போலீஸ் அதை விபத்து என்று எழுதி மூடிவிட்டது. அவனுடைய அக்கா மூடவில்லை. அக்கா ஆரம்பப்பள்ளி டீச்சர். யூவைத் தள்ளிவிட்டு, திரும்பத் திரும்ப வந்ததை ஒற்றையாக்கிப் படித்தாள்: கே, பி, டி, என். கேப்டன். அன்றைய பயணத்தை நடத்திப்போன ஆளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கேப்டனுக்கும் தம்பிக்கும் ஒரு வாரம் முன்புதான் வேகமாக ஓட்டுவதைப் பற்றி வாய்த்தகராறு. சாகும்போது தம்பி தனக்கு எழுதிவிட்டுப்போன பெயர் அதுதான் என்று டீச்சர் முடிவு கட்டி, இறுதிச் சடங்கில் நூறு பேர் பார்க்கக் கேப்டனைக் கன்னத்தில் அறைந்தாள். அதை நிரூபித்துத் தரச் சொல்லித்தான் மேடத்திடம் வந்திருந்தாள்.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் விபத்துகளை விசாரித்தவள். வேலையை விட்டபின் சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்துத் துப்பறிகிறாள். பஞ்சர் முன்பு பைக்கில் கூரியர் போட்டவன். எவன் காற்றடித்துப் பேசினாலும் ஒரே சொல்லில் இறக்கிவிடுவான் என்பதால் அந்தப் பெயர்.

"அப்போ இதை எழுதினது மழைதான்," என்றான். "டீச்சர் பாவம், மழைக்குப் போய் எழுத்துப்பிழை திருத்தியிருக்காங்க. கேஸை மூடிடலாமா?"

"இப்பத்தான் திறக்குது." மேடம் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். "தம்பி ஒரு ஜி.பி.எஸ். வாங்க ஆறு சனிக்கிழமை கடைக்கு அலைஞ்சான்னு டீச்சர் சொன்னாங்க இல்ல? ஆறு வாரம் யோசிச்சவன், நாலு சொட்டுத் தண்ணிக்குப் பைத்தியம் பிடிக்கிற பெட்டியையா வாங்குவான்?"

கேப்டனின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. ஹெல்மெட், மழைக்கோட்டு, பைக்கின் இருபுறமும் மாட்டும் தகரப்பெட்டி என்று தூரப் பயணத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்தன. வாங்க ஆள் இல்லை. கண்ணாடியில் யாரோ கறுப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனதைக் கேப்டன் தேய்த்துத் தேய்த்துப் பாதிதான் அழித்திருந்தார். 'கொலை' போய்விட்டது. 'காரன்' மட்டும் மிச்சம்.

"முன்னாடி 'கடை'ன்னு சேர்த்து எழுதிட்டா விளம்பரமாவது மிஞ்சும் சார்," என்றான் பஞ்சர்.

கேப்டன் சிரிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய, தாடி நரைத்த மனிதர். யார் என்று கேட்டுக்கொண்டு, ஹெல்மெட் பெட்டிகளை நகர்த்தி மேடத்துக்கு இடம் கொடுத்தார்.

"அவன் எப்படி வாங்கினான்னு கேக்கறீங்களா? முதல் சனிக்கிழமை, போனே போதாதான்னு கேட்டான். பக்கத்து ஊருக்குன்னா போதும்னேன். மலைப்பாதையில ரெண்டு நாள் அதிர்ந்தா போனோட கேமரா செத்துடும். வெயில்ல கொதிச்சு அணைஞ்சுடும். சிக்னல் போனா மேப்பும் போயிடும். சரின்னு போயிட்டான். அடுத்த வாரம் கையில க்ளவுஸ் மாட்டிக்கிட்டு வந்தான். கடையில இருந்த அஞ்சு பெட்டியையும் க்ளவுஸோட தட்டித் தட்டிப் பார்த்தான். மூணு கழிஞ்சுது. அதுக்கடுத்த வாரம் உச்சி வெயில்ல வாசல்ல நிக்க வச்சு, எதுல எழுத்துத் தெரியுதுன்னு பார்த்தான். அப்புறம் ஒரு வாரம் வந்து பக்கெட்ல தண்ணி கேட்டான்."

"குளிக்கவா?"

"பெட்டியை முக்க. அரை மணி நேரம் உள்ள போட்டுட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தான்." கேப்டனின் முகம் முதல்முறையாக இளகியது. "லிஃப்ட் பார்க்கிறவன் இல்லையா? எதை எடுத்தாலும் கம்பி அறுந்தா என்ன ஆகும்னுதான் முதல்ல கேப்பான். அதுலயும் தேறினதை ஜல்லி ரோட்டுல ஓட்டிப் பார்த்துட்டு, கடைசி வாரம்தான் வாங்கினான்."

மேடம் கைப்பையிலிருந்து போலீஸ் எடுத்த புகைப்படத்தை வெளியே எடுத்தாள். பாலத்தடியிலிருந்து தூக்கிவந்த பைக்கின் கைப்பிடி அது. "இதுல நீங்க வித்தது எது?"

கேப்டன் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தத் தாங்கி நான் கொடுத்தது. நாலு முள்ளு தெரியுது பாருங்க. பேட்டரியிலேர்ந்து வயர் இழுத்து நானே மாட்டினேன். ஆனா அது காலியா இருக்கு. பக்கத்துல வெள்ளை டேப் சுத்திக் கட்டியிருக்கே, அந்தப் பெட்டி என்னோடது இல்ல. அது கார்ல உள்பக்கம் கண்ணாடியில ஒட்டற சாமான். மழையில வைக்கிறதா அது?" அவர் குரல் ஏறியது. "இதை வச்சுக்கிட்டா அவன் மலை ஏறினான்? அதுவும் அவனா?"

"மூணு மாசமா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல சார்?" என்றான் பஞ்சர்.

"என்கிட்ட யாரு காட்டினா? இந்தக் கடைக்குள்ள கேள்வி கேக்க ஒருத்தரும் வரல தம்பி. திட்டத்தான் வந்தாங்க."

பஞ்சர் படத்தை வாங்கிப் பார்த்தான். "ஒருவேளை விழுந்தப்புறம் எவனாவது நல்ல பெட்டியைத் திருடியிருந்தா? ஆனா நல்லதை எடுத்துக்கிட்டு, 'மன்னிக்கணும்'னு மட்டமான ஒண்ணைக் கட்டிட்டும் போவானா? அவ்வளவு ஒழுக்கமான திருடனை நான் பார்த்ததில்ல மேடம்."

"கட்டியிருக்கிற விதத்தைப் பாரு," என்றாள் மேடம். "சுருக்கம் இல்லாம, சுத்துக்குச் சுத்து பாதி ஏறி வருது. உனக்குக் கால் சுளுக்கினப்போ உன் கூரியர் நண்பன் கட்டினானே, அந்த மாதிரியா இருக்கு?"

"அவன் என்னைப் பார்சல்னு நினைச்சுக் கட்டினான்."

"இது கட்டுப் போட்டுப் பழகின கை." அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க மூணு பேர்தானே? நீங்க, அவன், அவன் அக்கா வீட்டுக்காரர்?"

"ஆமா. அவர் மருந்துக்கடை வச்சிருக்காரு. முதல் தடவையா வந்தாரு, கண்ணுல படற தூரத்துல வந்தாலே பெருசு. நான் மேல் ரோட்டுல குறுக்கு வழியா முன்னாடி போய்ட்டேன், தங்கற இடத்துல சாவி வாங்கணும்னு. அவங்க சுத்து வழியில வந்தாங்க. மழை பிடிச்சப்புறம் அவங்க ரெண்டு பேரையும் நான் பார்க்கல. ஆறரைக்கு அவர் மட்டும் வந்து சேர்ந்தாரு."

"நீங்க வித்த அந்த நல்ல பெட்டி இப்ப கிடைச்சா அதுல ஏதாவது தெரியுமா?"

"எல்லாம் தெரியும். போன வழி, நின்ன இடம், நேரம் எல்லாத்தையும் நீங்க சொல்லாமலே அது எழுதி வச்சுக்கும். அவனுக்கு அதுல அதுதான் ரொம்பப் பிடிச்சுது."

மேடம் எழுந்தாள். படியிறங்கும்போது பஞ்சர் கேலியாக ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

டீச்சர் வீட்டுக்கு அவர்கள் போனபோது மணி இரண்டு. விடுமுறை நாள். சாப்பாட்டு மேஜையில் பாதியில் பரீட்சைத் தாள்கள், பாதியில் தட்டு. மருந்துக்கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மூன்று மாதத்தில் சட்டை தோளில் தொங்குகிற அளவுக்கு இளைத்துப்போயிருந்தார். மச்சானின் உடலைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாள். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"ஒத்துக்கிட்டானா அந்த ஆள்?" என்றாள் டீச்சர்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. தண்ணீர் தெளித்ததைச் சொன்னாள். எழுத்துகள் தானாக விழுந்ததைச் சொன்னாள். வேண்டுமானால் இங்கேயே செய்து காட்டுவதாகவும் சொன்னாள்.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "இல்ல மேடம். அது அவன் எனக்கு எழுதினது."

"இல்லம்மா."

"கடைசியா எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு."

எழுத்துப்பிழை என்று தான் அடித்த ஜோக் பஞ்சருக்கு நெஞ்சில் வந்து குத்தியது. நல்லவேளை, அது சலவைக்கடை மாடியோடு போயிற்று.

"பஞ்சர்," என்றாள் மேடம். "அந்தப் பெட்டியை ஜன்னல்கிட்ட வை. வீடு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அமுக்கு."

வைத்தான். வானத்தைத் தேடிப் பிடிக்க அது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது. வீட்டுப் படத்தைத் தொட்டான். கணீரென்று ஒரு பெண்குரல் சொன்னது: "நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள்."

டீச்சர் எழுந்து ஜன்னலருகே வந்தாள்.

"தம்பி இங்க இருந்ததே இல்லையே," என்றாள் டீச்சர் மெதுவாக. "அவன் ரூம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்."

"இந்தப் பெட்டிக்கு வீடு இதுதான். உங்க கார்ல ஒண்ணு இருந்ததா?"

"இருந்துது. ரிப்பேர்னு சொல்லி இவர்தான் கழட்டி பீரோவுல போட்டு வச்சிருக்காரு. துணிக்கு அடியில. நானே பார்த்தேனே. எனக்கு எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் தெரியும்." அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் உள்ளே போனாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ரப்பர் விளிம்பு வைத்த, தடிமனான ஒரு பெட்டி. பின்புறம் நான்கு சின்னப் பித்தளைப் புள்ளிகள்.

கேப்டன் காட்டிய தாங்கியின் நாலு முள்ளுக்கும் அவை சரியாகப் பொருந்தும் என்று பார்த்தவுடனே பஞ்சருக்குத் தெரிந்தது.

சார்ஜரில் செருகினான். பெட்டி விழித்துக்கொண்டது. 'சென்ற பயணங்கள்' என்ற இடத்தைத் தொட்டு, தேதியைத் தேடி எடுத்தான். மலைப்பாதை நீலக்கோடாக விரிந்தது.

"படி," என்றாள் மேடம்.

"நாலு மணி அஞ்சு நிமிஷம். குவாரி ரோடு பிரியற இடத்துல ஆறு நிமிஷம் நின்னிருக்கு. அப்புறம் சரியான ரோட்டுல போகுது, தங்கற இடத்தைப் பார்த்து. நாலரைக்கு ஒரு வளைவுல நிக்குது." அவன் விரலால் கோட்டைத் தொடர்ந்தான். "திரும்புது மேடம். வந்த வழியே கீழ வருது. குவாரி ரோட்டுல நுழையுது. அஞ்சு இருபதுக்கு…"

அவன் நிறுத்தினான். கூரியர் போட்ட காலத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் கெட்ட சேதியை நீட்டியிருக்கிறான். அவை உறைக்குள் இருந்தன. இது வாயால் சொல்ல வேண்டியதாக இருந்தது.

"படி பஞ்சர்."

"அஞ்சு இருபதுக்குப் பாலம். அங்க இருபத்து மூணு நிமிஷம் நின்னிருக்கு. அப்புறம் கிளம்பி, ஆறரைக்குத் தங்கற இடம்."

உயிர் போனது இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் மேடத்தின் பையில் இருந்தது. அதை எடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த நேரத்தை டீச்சர் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்றாள் கணவனிடம்.

மருந்துக்கடைக்காரருக்கு மடை திறந்ததுபோல வார்த்தை வந்தது. "பிரியற இடத்துல என் பெட்டி கன்னாபின்னான்னு காட்டிச்சு. தண்ணி பட்டுப் பட்டு. எனக்குப் பயமா இருந்துது. உன்னோடதைக் கொடுடான்னு கேட்டேன். அவன் யோசிச்சான். நான்தான், புதுசா ஓட்டறவனுக்கு நல்லது வேணுமா, பழகினவனுக்கு வேணுமான்னு கேட்டேன். கொடுத்துட்டான். என்னோடதை நானே அவன் பைக்ல கட்டிவிட்டேன். முன்னாடி போங்க மாமா, பின்னாடியே வரேன்னான். மேல போய் நின்னு பார்த்தேன். வரல."

"அப்புறம்?"

"திரும்பிப் போனேன். மழையில என்னைத் தவறவிட்டு அந்தப் பெட்டியை நம்பியிருப்பானோன்னு குவாரி ரோட்டுல நுழைஞ்சேன். பாலம் பாதி இல்ல. கீழ லைட் எரிஞ்சுக்கிட்டிருந்துது."

"உயிரோட இருந்தானா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"இருபத்து மூணு நிமிஷம் என்ன பண்ணினீங்க?"

"இறங்கப் பார்த்தேன். முடியல. சறுக்குது. அவன் கீழேர்ந்து பேசினான்."

"என்ன பேசினான்?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது. "நீங்க விழலையே மாமான்னு கேட்டான். இங்க இரு, ஆள் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். சத்தியமா அதுக்குத்தான் கிளம்பினேன். மேல போனதும் கேப்டன் வாசல்ல நின்னு கத்தினாரு, பையன் எங்க, அவனை எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு. என் பைக்ல இவன் பெட்டி மாட்டியிருக்கு. எனக்கு… உங்க பின்னாடிதானே வந்தான்னு வாயில வந்துடுச்சு. அவர் உடனே டார்ச்சை எடுத்துக்கிட்டு, தான் வந்த மேல் ரோட்டுல ஓடினாரு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? ஒவ்வொரு நிமிஷமும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இவ்வளவு நாளா நான் அந்த மனுஷனைச் சபிச்சுக்கிட்டிருந்தேனே. பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"நான் கொல்லல," என்றார் அவர் மேடத்தைப் பார்த்து. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"விழுந்தது உங்களால இல்ல," என்றாள் மேடம். "அதை மட்டும்தான் நான் சொல்ல முடியும். மிச்சத்தைக் காலையில போலீஸ் ஸ்டேஷன்ல நீங்களே போய்ச் சொல்லுங்க. ரெண்டு பெட்டியும் என்கிட்ட இருக்கும்."

டீச்சர் பரீட்சைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். விளிம்பு ஒத்துவரும்வரை மேஜையில் தட்டினாள். பிறகு செருப்பை மாட்டினாள். எங்கே என்று கணவன் கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி," என்றாள் பஞ்சரிடம். "என்னைக் கேப்டன் கடையில கொண்டுபோய் விடறியா?"

வழியெல்லாம் அவள் பைக்கின் பின்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று ஏறி இறங்கினான்.

கேப்டன் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. இன்னொரு அறை விழும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, ஓரடி பின்னால் போனார்.

தெருவில் நின்றபடியே டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். மாற்றிக்கொண்ட பெட்டி, பாலம், கீழே எரிந்த லைட், தன் கணவன் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைப் பொய். எதையும் மழுப்பவில்லை. கடைசியில், "நான் உங்களை அடிச்சேன்," என்றாள். "நூறு பேர் முன்னாடி. என்ன செஞ்சா அது போகும்னு எனக்குத் தெரியல."

கேப்டன் அடியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் போல நின்றார்.

"குவாரி ரோடு நான் தேடின இடத்துலேர்ந்து பதினோரு கிலோமீட்டர்," என்றார். "அன்னிக்கு விடியற வரைக்கும் நான் மேல் ரோட்டுல அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே நடந்தேன்ம்மா. தொண்டை கிழிஞ்சு ரத்தம் வந்துது. கண்டுபிடிக்காட்டியும் போகுது, யாரோ தேடறாங்கன்னாவது அவன் காதுல விழுந்திருக்கும், அந்தத் தெம்புல இருந்திருப்பான்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டு இருந்தேன். அதை வச்சுத்தான் இத்தனை நாள் தூங்கினேன்."

ஷட்டரை முழுக்க இறக்கிக் குனிந்து பூட்டினார்.

"விழுந்திருக்காது," என்றார்.